ஏழு ரூபாய் டீக்காசு

தளவாய் ஐயாக்குட்டிக்குத் தர வேண்டியது எண்பத்து நாலாயிரத்து ஏழு ரூபாய்.

எண்பத்து நாலாயிரம் சீட்டுப் பணம். அதற்கு மேல் நிற்கிற ஏழு ரூபாய் டீக்காசு. வெளி ஆளுக்கு அந்த ஏழு வேடிக்கையாக இருக்கும். ஐயாக்குட்டிக்கு அது தளவாயின் முகம் மாதிரி. எங்கே பார்த்தாலும் அடையாளம் தெரியும்.

இருவரும் கம்பி கட்டுகிறவர்கள். பாளையங்கோட்டையைச் சுற்றி எழும்பிய கட்டடங்களில் பன்னிரண்டு வருடம் ஒரே மேஸ்திரியிடம், ஒரே சாரத்தில் நின்றவர்கள். ஐயாக்குட்டி எட்டு வயது மூத்தவர். அதனால் அண்ணன். வேலை இடத்தில் குலுக்கல் சீட்டுப் பிடிப்பது தளவாய். இருபது பேர், மாதம் ஆறாயிரம், இருபது மாதம். யாரும் சொந்தப் பெயரில் சேர மாட்டார்கள். வீட்டுக்குத் தெரிந்தால் பணம் கைக்கு வருமுன் செலவு வந்து நிற்கும் என்று பயம். ஆகவே நெட்டை, சுண்ணாம்பு, வெல்டிங், கம்பி என்று பட்டப்பெயரைத் துண்டுத் தாளில் எழுதி, காலி பெயின்ட் டப்பாவில் போட்டுக் குலுக்குவார்கள். ஐயாக்குட்டிதான் கம்பி. எல்லாம் கைப்பணம். தளவாயின் அறுபது பக்க நோட்டைத் தவிர எழுத்தில் ஒன்றும் கிடையாது.

சீட்டு விழுந்தவனுக்குப் பணத்தைக் கொடுக்கும்போது தளவாய் ஏழு ரூபாய் சேர்த்து வைப்பான். "மொதல்ல ஒரு டீ குடிங்க. குடிச்சிட்டு நிதானமா எண்ணுங்க" என்பான். அவன் சீட்டுப் பிடிக்க ஆரம்பித்த காலத்தில் டீ ஏழு ரூபாய். டீ முப்பது ரூபாய் ஆன பிறகும் அவன் ஏழை விடவில்லை. "ஏழு ரூவாய்க்கு டீ கிளாசக் கழுவின தண்ணி கூட தர மாட்டான்டே" என்று கேலி செய்தால், "முப்பது ரூவா குடுக்க நான் என்ன மேஸ்திரியா?" என்பான்.

பதினாலாவது மாதம் சீட்டு உடைந்தது. முன்னாலேயே பணம் எடுத்தவர்களில் நாலு பேர், வேலை முடிந்த கையோடு தவணை கட்டாமல் மறைந்துவிட்டார்கள். அடுத்த வாரம் தளவாயையும் காணவில்லை. இன்னும் சீட்டு எடுக்காமல் இருந்த ஏழு பேருக்கும் நாமம். அந்த ஏழு பேரில் ஐயாக்குட்டியும் ஒருவர்.

அவருக்கு அந்தப் பணம் மனைவியின் இடுப்பு. சந்தனமாரி கலவைச் சட்டியோடு இரண்டாம் மாடிப் படியில் விழுந்திருந்தாள். மூட்டு மாற்றிவிடலாம், காப்பீடு போக எண்பதாயிரம் கட்டுங்கள் என்றார் டாக்டர். கட்ட முடியவில்லை. எலும்பு தன்னிஷ்டத்துக்குச் சேர்ந்துகொண்டது. இப்போது அவள் நடந்தால் ஒரு கால் முன்னே போகும், மற்றது பின்னால் இழுபட்டு வரும். அந்தச் சத்தம் வீட்டுக்குள் நாள் முழுவதும் கேட்கும். ஒரு தடவை கோபம் தாங்காமல் ஐயாக்குட்டி சங்கரன்கோவிலுக்குப் போய், தளவாயின் மனைவி மாரிக்கனி குடியிருந்த தெருவில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு வந்தார். அவள் கதவைத் திறக்கவில்லை.

இது நடந்து இரண்டு வருடம் கழித்துத்தான் அவருக்குக் கூட்டிலிருந்து அழைப்பு வந்தது.

கூட்டு என்பது முப்பத்தொரு நாடுகளின் கூட்டு. ஓட்டுப் போட்டு ஆட்சியை மாற்றுகிற நாடுகள் மட்டும் சேர்ந்தது. ஒரே காலையில் நாலு நாடுகளில் நாலு ரயில் நிலையங்கள் வெடித்துச் சிதறிய பிறகு ஏற்பட்ட ஒப்பந்தம். முப்பத்தொரு நாட்டிலும் யார் யாருக்குப் பணம் அனுப்புகிறார்கள், எந்த போன் எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் ஒரே மிஷின் பார்க்கும். அது வந்த ஐந்து வருடத்தில் பெரிய வெடிப்பு எதுவும் இல்லை. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மிஷினுக்கு ஆளைப் பிடிக்கிற அதிகாரத்தைக் கொடுக்க எந்த நாடும் ஒத்துக்கொள்ளவில்லை. அதற்காக வந்ததுதான் மூன்று கை.

கூட்டின் அலுவலகம் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மெகராஜ் பேகம் என்கிற அதிகாரி அவரை உட்கார வைத்து விளக்கினார்.

"மிஷின் சந்தேகப்படலாம் ஐயா. அவ்வளவுதான். பிடிக்கணுமா வேண்டாமான்னு மூணு நாட்டுல இருந்து மூணு சாதாரண ஆளுங்க சொல்லணும். மூணு பேரும் கை வச்சாத்தான் பிடிப்பாங்க. ஒருத்தர் மாட்டேன்னாலும் விட்டுருவாங்க."

"படிச்சவுகளா பாத்துக் கூப்பிடக் கூடாதாம்மா? நானே எழுத்துக் கூட்டி வாசிக்கக் கத்துக்கிட்டது நாப்பத்தி மூணு வயசுல."

"படிச்சவங்க மட்டும் முடிவு பண்ணா அது எப்படி ஐயா ஜனநாயகம்? வாக்காளர் பட்டியல்ல குலுக்கல் போட்டு எடுக்கறோம்."

குலுக்கல் என்றதும் ஐயாக்குட்டிக்குச் சிரிப்பு வந்தது. "பெயின்ட் டப்பாவுலயா?" என்று கேட்டார். அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

"மூணு பேர்ல ஒருத்தர் சந்தேகப்படற ஆளோட பாஷையும் பக்கமும் தெரிஞ்சவரா இருக்கணும். ஆனா அவரோட எந்தப் பண வரவும் இருந்திருக்கக் கூடாது. மிஷின் பார்த்துடுச்சு, உங்களுக்கு அப்படி எதுவும் வரல. பேரு, மதம், சாதி, முகம், எதுவும் உங்களுக்குக் காட்ட மாட்டாங்க. தெரிஞ்சா மனசு சாயும் இல்லையா? அதையும் மீறி ஆளு யாருன்னு உங்களுக்குப் பிடிபட்டுட்டா, உடனே சொல்லிட்டு எழுந்துடணும். அது தப்பே இல்ல. சொல்லாம இருந்தாத்தான் தப்பு. மூணு வருஷம் வரைக்கும் சிறை."

"எனக்கு யாரைம்மா தெரியப் போவுது? கம்பியைத் தெரியும், மேஸ்திரியைத் தெரியும்" என்றார் ஐயாக்குட்டி. நாள் கூலி மூவாயிரம். மதியச் சாப்பாடும் உண்டு. அவர் மனது அதில்தான் இருந்தது.

அறையில் ஒரு மேசை, அதில் உள்ளங்கை அளவுக்குப் பள்ளம் வைத்த ஒரு கண்ணாடிப் பலகை, எதிர்ச் சுவரில் பெரிய திரை. திரையில் இரண்டு முகங்கள் வந்தன. பின்லாந்திலிருந்து ஹெல்யா, பஸ் ஓட்டுகிறவர், ஐம்பது வயது இருக்கும். சிலி நாட்டிலிருந்து ஒசோரியோ, ரொட்டிக் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். அவர்கள் தங்கள் பாஷையில் வாயசைக்க, மிஷின் அதைத் தமிழாக்கியது. அதுவும் சாதாரணத் தமிழ் இல்லை. கேட்கிறவருக்கு நெருக்கமாக இருக்கட்டும் என்று அவரவர் ஊர்ப் பேச்சிலேயே பேச வைக்கும் என்று மெகராஜ் சொல்லியிருந்தார்.

"வணக்கம் அண்ணாச்சி. சாப்ட்டாச்சா?" என்றார் ஹெல்யா.

ஐயாக்குட்டி ஆடிப்போய்விட்டார். பனி பெய்கிற ஊர்க்காரி, அத்தை மகள் மாதிரியல்லவா கேட்கிறாள்!

"இனிமேத்தாம்மா. நீங்க?"

"எங்கூர்ல இப்பத்தான் விடியுது. காப்பி மட்டும் ஆச்சு."

"மிஷின் என்னைய எப்படிப் பேச வைக்கிதுன்னு தெரியல. எம் பொண்டாட்டி கேட்டா விழுந்து விழுந்து சிரிப்பா" என்றார் ஒசோரியோ.

"எங்க மேஸ்திரி பேசுத மாதிரியே இருக்கு. ரெண்டு கெட்ட வார்த்தைதான் கொறையுது" என்றார் ஐயாக்குட்டி. மூன்று பேரும் சிரித்தார்கள்.

சிரிப்பு அடங்கியதும் ஹெல்யா சொன்னார். "அஞ்சு வருஷத்துக்கு முன்னால வெடிச்ச நாலு ஸ்டேஷன்ல ஒண்ணு எங்கூரு அண்ணாச்சி. அன்னிக்குக் காலையில எம் பஸ்ஸுல எழுவது பேரு. ஸ்டேஷன் வாசல்ல எறக்கி விட்டேன். பாத்து போங்கன்னு ஒரு பாட்டிக்குக் கை குடுத்து எறக்கினேன். ஆறு நிமிஷம் கழிச்சு வெடிச்சுது." நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அதனாலதான் கூப்பிட்டா நான் வந்துருவேன். வாங்க, பாப்போம்."

கோப்பு திரையில் வந்தது. ஒரு குரல் வாசித்தது. ஐயாக்குட்டியும் விரலை மேசையில் நகர்த்திக்கொண்டே எழுத்துக் கூட்டினார்.

கூட்டு நாடு ஒன்றில் கூலி வேலை பார்க்கும் ஒருவர், இருபத்திரண்டு மாதங்களில் நாற்பத்தொரு தடவை, தென் தமிழ்நாட்டிலுள்ள ஆறு பேருக்குப் பணம் அனுப்பியிருக்கிறார். தன் சாப்பாட்டுக்குக்கூட அவர் கையில் மிச்சம் இருந்ததாகத் தெரியவில்லை. ஆறு பேரும் அவருக்கு உறவு இல்லை. பெறுபவர் பெயருக்குப் பதிலாகக் குறிப்பில் புனைபெயர். நெட்டை. சுண்ணாம்பு. வெல்டிங். அந்த ஆறு பேரின் போன்களும் தினமும் துறைமுகம், அனல்மின் நிலையம், விமான நிலையம், ரயில்வே பாலம் ஆகிய இடங்களுக்குள் போய் வருகின்றன. ஒவ்வொரு தொகையும் ஏழில் முடிகிறது. 12,007. 9,507. 14,007.

ஐயாக்குட்டியின் விரல் நின்றுவிட்டது.

முதலில் அவருக்கு வந்தது சந்தோஷம். பயல் உயிரோடு இருக்கிறான். அடுத்த மூச்சில்தான் மற்றது வந்தது. நெட்டைக்குக் கொடுத்திருக்கிறான். சுண்ணாம்புக்குக் கொடுத்திருக்கிறான். மூன்று மாதம் மட்டுமே கூட வேலை பார்த்த வெல்டிங்காரனுக்குக் கொடுத்திருக்கிறான். திரையில் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகத் தேடினார். கம்பி இல்லை. ஒரே சாரத்தில் பன்னிரண்டு வருடம் நின்றவனுக்கு, வாய் நிறைய அண்ணே அண்ணே என்று கூப்பிட்டவனுக்கு, ஒரு ஏழு ரூபாய்கூட இல்லை. காதுக்குள் சந்தனமாரி கால் இழுக்கிற சத்தம் கேட்டது.

பணம் வராததால்தான் அவர் அந்த நாற்காலியில் உட்கார முடிந்திருக்கிறது. வந்திருந்தால் மிஷின் அவரைச் சேர்த்திருக்காது.

"அண்ணாச்சி, ஒங்களத்தான் கேக்கணும்" என்றார் ஹெல்யா. "இந்த ஆறு பேரும் துறைமுகம், ஏர்போர்ட்டுன்னு இப்படிப் பெரிய பெரிய எடமாப் பாத்து உள்ள போறாகளே. ஒங்க பக்கம் இது சகஜமா?"

கான்கிரீட் போடுகிற இடத்துக்குத்தானே கட்டட வேலைக்காரன் போவான்? இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். ஹெல்யாவே சிரித்திருப்பார்.

"சகஜமில்ல" என்றார் ஐயாக்குட்டி.

"அந்த ஏழு?" ஒசோரியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்க ஊர்ல சாமிக்கு நேந்துக்கிட்டா இப்படி ஒரு எண்ணு வச்சுக் குடுப்பாங்க. ஒங்க ஊர்ல ஏதும் வழக்கம் இருக்கா?"

"எனக்குத் தெரிஞ்சு இல்ல."

"பட்டப்பேரு?"

"மறைக்க வேண்டிய ஆளுதான பட்டப்பேரு வைப்பான்?"

திரையில் இரண்டு பேரும் யோசித்தார்கள். ஒசோரியோவுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. ஆனால் ஹெல்யா தலையாட்டினார். "நான் அந்த ஊரப் பாத்தது கூட இல்ல. அண்ணாச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்." அவர் பலகையில் கை வைத்தார். பச்சை எரிந்தது. ஒசோரியோவும் பெருமூச்சு விட்டுவிட்டு வைத்தார்.

ஐயாக்குட்டி வைத்தார். எரியவில்லை. முப்பது வருடம் கம்பி உரசிய கையில் ரேகை இல்லை. "அழுத்தி வைங்க ஐயா" என்றார் வாசலில் நின்ற மெகராஜ். வைத்தார். எரியவில்லை. சட்டையில் துடைத்துவிட்டு வைத்தார். நாலாவது தடவை பச்சை எரிந்தது.

மூவாயிரம் ரூபாயும் சாப்பாட்டுப் பொட்டலமும் கொடுத்தார்கள். வரும் வழியில் மனைவிக்கு வலித் தைலம் வாங்கினார். இரண்டாம் நாள் டீக்கடை டிவியில், கூட்டு நாடு ஒன்றில் பயங்கரவாதிகளுக்குப் பணம் அனுப்பியவன் பிடிபட்டான் என்று சொன்னார்கள். முகத்தை மூடிக் கூட்டிப் போனார்கள். நடையைப் பார்த்தால் போதும், ஐயாக்குட்டிக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்குச் சோறு நன்றாக இறங்கியது. இரண்டாம் தடவை குழம்பு ஊற்றச் சொன்னார். பிற்பாடு நினைக்கும்போது, கை வைத்ததைவிட அந்தச் சோறுதான் அவருக்கு நெஞ்சை அடைத்தது.

ஒன்பதாம் நாள் உச்சி வெயிலில் மாரிக்கனி வந்தாள். வாசலிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு, "இருக்கட்டும் அக்கா, அண்ணன் ஏசுவாக" என்றாள். சந்தனமாரிதான் கையைப் பிடித்துக் கூட்டி வந்து உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

"அவுகளப் புடிச்சிட்டாக அண்ணே. போர்ச்சுக்கல்ல தக்காளித் தோட்டத்துல வேல. ஏதோ குண்டு வைக்கிறவுகளுக்குப் பணம் அனுப்புனாகன்னு சொல்லுதாக. தொண்ணூறு நாளைக்கு வக்கீலும் பாக்க முடியாது, போனும் கெடையாதாம்." அழுது முடித்தவளின் குரல் அது. தட்டையாக இருந்தது. "பணம் அனுப்புனது நெசந்தான். சீட்டுக்காரவுகளுக்கு அனுப்புனாக. ஆறு பேருக்குத் தீந்துட்டு."

ஐயாக்குட்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேட்டேன் அண்ணே, மொதல்ல அண்ணனுக்குக் குடுங்கன்னு. நீங்க வந்து தெருவுல நின்னு ஏசிட்டுப் போனதச் சொல்லிக் கேட்டேன். அவுக சொன்னாக, வெளி ஆளுக்கு மொதல்ல குடுத்துரணும், அண்ணன் நம்ம ஆளு, ஏசுவாக, ஆனா பொறுத்துக்கிடுவாகன்னு. ஒங்களுக்கு மட்டும் தவணையில்லாம முழுசா ஒரே நாள்ல அனுப்பணும்னு சேத்து வச்சிருந்தாக. இந்த மாசக் கடசியில அனுப்பியிருப்பாக. இப்ப அந்தக் கணக்கையும் முடக்கிட்டாக."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு ஜோடிக் கம்மலைத் தரையில் வைத்தாள். "இது ஒரு இருவதாயிரம் போகும். இத இப்ப வச்சுக்கிடுங்க. அவுக வந்ததும் மிச்சம்."

"எடு தாயி" என்றார் ஐயாக்குட்டி. கம்மலை அவள் பக்கம் தள்ளினார். "எடுத்துட்டுப் போ."

அவள் போன பிறகு சந்தனமாரி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடம் கூட வாழ்ந்தவள்.

"அன்னிக்கு ஒங்களக் கூப்பிட்டது இதுக்கா?"

அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஏழு ரூபாயைப் பார்த்ததையும், கம்பி என்ற பெயர் இல்லாமல் போனதையும், நாலு தடவை கை வைத்ததையும் சொன்னார். கடைசியில், "ஒன் இடுப்ப நெனச்சேன்ட்டி. ஒன்னைய இப்படி ஆக்கிட்டானேன்னுதான்…" என்றார்.

"எம் இடுப்ப இழுக்காதீக." அவள் சத்தம் போடவில்லை. "விழுந்தது நான். வலிக்கிறது எனக்கு. நான் எவனையும் புடிச்சுக் குடுக்கச் சொல்லல. அங்க வச்சது ஒங்க கை."

எழுந்து, காலை இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலையில் ஐயாக்குட்டி ஜவுளிக்கடை மாடி ஏறினார். கையைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டார்.

"எடுக்கலாம்" என்றார் மெகராஜ். "எப்ப வேணும்னாலும் எடுக்கலாம், சட்டத்துல இருக்கு. ஏன் எடுக்கறீங்கன்னு சொல்லணும்." அவர் முகத்தைப் பார்த்துக் கதவைச் சாத்தினார். "என்ன ஆச்சு ஐயா?"

"எனக்கு அவனத் தெரியும். பாத்த ஒடனே தெரிஞ்சுட்டு."

மெகராஜ் பேனாவைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு வாசிக்கறது கஷ்டம்னு அன்னிக்கே சொன்னீங்க. கோப்பு சரியா புரியல, தெரியாம கை வச்சுட்டேன்னு எழுதிக் குடுத்துடுங்க. உங்களுக்கு ஒண்ணும் வராது. வீட்டுல அவங்க நடக்க முடியாம இருக்காங்கன்னு வேற சொல்லியிருக்கீங்க."

"அப்படி எழுதிக் குடுத்தா அவன விட்டுருவாகளா?"

"உடனே விட மாட்டாங்க. வேற மூணு பேரை வச்சு மறுபடி பார்ப்பாங்க. ரெண்டு, மூணு மாசம் ஆகலாம். அவங்க என்ன சொல்வாங்கன்னு தெரியாது."

"நெசத்தச் சொன்னா?"

"அந்தத் தீர்ப்பே செல்லாது. அன்னிக்கே விட்டாகணும்."

ஐயாக்குட்டி தன் உள்ளங்கையைப் பார்த்தார். வழவழவென்று, ஒரு கோடும் இல்லாமல், கழுவி வைத்த தட்டு மாதிரி இருந்தது. நாற்பத்து மூன்று வயதில், பேரப்பிள்ளை வயசுக் குழந்தைகளின் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, தன் பெயரை முதல் தடவை எழுதிய நாள் ஞாபகம் வந்தது. அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையில் ஒரு மாதம் வைத்திருந்தார்.

"வாசிக்கத் தெரியாதுன்னு சொன்னா, நாளைக்கு எங்கள மாதிரி ஆளுகளக் குலுக்கல்ல சேப்பீகளா?"

மெகராஜ் மேசையிலிருந்த பேனாவை மறுபடி கையில் எடுத்தார்.

"நான் நல்லா வாசிச்சேம்மா. அந்த மூணு பேர்ல ஒழுங்கா வாசிச்சவன் நான் ஒருத்தந்தான். அப்படியே எழுதிக்கிடுங்க."

சட்டப்படி மற்ற இரண்டு கைகளுக்கு முன்னால் சொல்ல வேண்டும். அன்று மாலை திரையில் ஹெல்யாவும் ஒசோரியோவும் வந்தார்கள். ஐயாக்குட்டி நின்றுகொண்டே சொன்னார். சீட்டு என்றால் என்ன, பட்டப்பெயர் எதற்கு, கான்கிரீட் வேலைக்காரன் எங்கெல்லாம் போவான், டீ எப்போது ஏழு ரூபாய் விற்றது, எல்லாம் சொன்னார். "பலகை என் கைய மூணு தடவ வேண்டான்னுது. நாலாவதும் நான்தான் வச்சேன்" என்று முடித்தார்.

ஒசோரியோ கண்ணாடியைக் கழற்றினார். "நான் கேட்டேன்" என்றார். "ஏதும் வழக்கம் இருக்கான்னு நான் கேட்டேன்ல?" திரும்பத் திரும்ப அதையே சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு அவருடைய திரை அணைந்தது.

ஹெல்யா ஏதோ பொத்தானை அழுத்துவது தெரிந்தது. அவர் வாய் திறந்தபோது வந்தது செய்தி வாசிப்பவரின் தமிழ்.

"உங்கள் வாக்குமூலத்தைக் கேட்டேன். அன்று இரவு நான் நிம்மதியாக உறங்கினேன். ஐந்து ஆண்டுகளில் முதல் முறையாக. எழுபது பேருக்கு ஈடாக ஏதோ செய்துவிட்டதாக நினைத்தேன். எனக்கு உங்கள் நாடு தெரியாது. உங்களைத் தெரியும் என்று நம்பினேன். நாளை உங்கள் ஊரிலிருந்து வேறொருவர் வந்து, இது உண்மையான ஆபத்து என்று சொன்னால், நான் என்ன செய்வது?"

ஐயாக்குட்டிக்கு அண்ணாச்சி என்ற சொல் வரும் என்று ஒரு நப்பாசை. வரவில்லை.

"நம்புங்கம்மா" என்றார். "அவுக நானில்ல."

ஹெல்யா தலையசைத்தாரா இல்லையா என்று தெரிவதற்குள் திரை அணைந்தது.

தளவாயை அன்றே விட்டார்கள். ஒன்பது நாள் உள்ளே இருந்திருந்தான். வலது காது சரியாகக் கேட்கவில்லை என்று மாரிக்கனி பிற்பாடு யாரிடமோ சொன்னாளாம். ஏன் என்று ஐயாக்குட்டி கேட்கவில்லை. கேட்க அவருக்கு வாய் இல்லை. பிடித்துக் கொடுத்த கை யாருடையது என்பதைப் பிடிபட்டவனுக்குச் சொல்லியாக வேண்டும் என்பதும் சட்டத்தில் இருந்தது. சொன்னார்கள்.

ஐயாக்குட்டிக்கு எட்டு மாதம் போட்டார்கள். வயதையும், தானே வந்து சொன்னதையும் பார்த்துக் குறைத்தது. திங்கட்கிழமை போய் ஆஜராக வேண்டும். சனிக்கிழமை காலையில் அவர் சந்தனமாரிக்கு எட்டு மாதத்துக்குத் தேவையான விறகை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார். போன் சத்தம் கொடுத்தது.

கையைத் துடைத்துவிட்டு எடுத்தார். வங்கிச் செய்தி. விரலை வைத்து எழுத்துக் கூட்டினார்.

84,000.00 வரவு.

அடுத்த செய்தி வரும் என்று கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். வரவில்லை. குறிப்பு என்று இருந்த இடத்தில் கம்பி என்று போட்டிருக்கவில்லை. 'திரு. ஐயாக்குட்டி அவர்களுக்கு. கடன் முழுவதும் தீர்ந்தது' என்று இருந்தது.

சந்தனமாரி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவர் போனை நீட்டினார். அவளுக்கு எழுத்து வாசிக்க வராது. எண் மட்டும் தெரியும். பார்த்தாள்.

"பயந்துட்டாரு போல" என்றாள். "அந்த ஏழப் பாத்துத்தான புடிச்சாக. இனிமே சேக்க மாட்டாரு, பாவம்."

"ஆமா" என்றார் ஐயாக்குட்டி. "அதாத்தான் இருக்கும்."

போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த விறகை வெட்டப் போனார்.